புது செட் நெயில் பாலிஷ் ரெண்டே நாள்ல பேந்து வருது, ஹார்டனர் போட்டும் நகம் ஒடியுது: என்ன காரணம்?

அடுத்த கேள்வி ஒரு சிஸ்டர் அனுப்பியிருக்காங்க, படிக்கறேன். "அக்கா, புது பிராண்ட்ல பேஸ் கோட், ரெண்டு கலர், டாப் கோட், நெயில் ஹார்டனர் எல்லாம் சேர்ந்த செட் வாங்கினேன். பாலிஷ் ரெண்டாவது நாளே நுனியில பேந்து வருது. ஹார்டனர் போட்டதும் முதல் ரெண்டு வாரம் நகம் நல்லா கெட்டியாச்சு, இப்போ ஒடிய ஆரம்பிச்சிருச்சு. பிராண்ட் மோசமா, இல்ல நான் போடறதுல தப்பா? அப்புறம் கண் இமை கொஞ்சம் அரிக்குது, தூசியா இருக்கும்."

கடைசியில போற போக்குல சொன்னீங்க பாருங்க, இமை அரிக்குதுன்னு, அதைத்தான் முதல்ல எடுத்துக்கறேன். நெயில் பாலிஷ் அலர்ஜி விரலை விட இமையிலயும் கழுத்துலயும்தான் அதிகமா தெரியும். நகம் கெட்டியான பொருள், அதுக்கு அலர்ஜி வராது. ஆனா நாம நாள் முழுக்க கையால கண்ணைத் தொடறோம், இமைத் தோலோ உடம்புலயே ரொம்ப மெல்லிசு. பாலிஷுக்குப் பளபளப்பும் ஒட்டும் தன்மையும் குடுக்க டோசிலமைட் ஃபார்மால்டிஹைட் ரெசின்னு ஒண்ணு சேர்ப்பாங்க. நிறைய பேருக்கு அலர்ஜி வர்றது அதாலதான். ஹார்டனர்ல ஃபார்மால்டிஹைட் இருந்தா அதுவும் காரணமா இருக்கலாம். லேபிள்ல ஃபார்மலின், மெத்திலீன் கிளைகால்னு போட்டிருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்.

அதனால இன்னைக்கே எல்லா விரல்லயும் எடுத்துடுங்க. அரிப்பு நிக்கற வரைக்கும் பழைய பாலிஷ் உட்பட எதுவும் வேண்டாம். நிக்கலைன்னா, திரும்ப வந்தா, அந்த பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் எடுத்துட்டு தோல் டாக்டர்கிட்ட போங்க. பேட்ச் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. முதுகுல சின்னச் சின்னதா ஒட்டி விட்டு, 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்ப்பாங்க, ஒண்ணு ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை பார்ப்பாங்க. எந்தப் பொருள் ஒத்துக்கலைன்னு அதுல தெரியும். பெட்டியில "5 ஃப்ரீ", "10 ஃப்ரீ"ன்னு, அதாவது அஞ்சு கெமிக்கல் இல்ல, பத்து கெமிக்கல் இல்லன்னு, போட்டிருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த எண்ணுக்குப் பொதுவான கணக்கு கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. பொடி எழுத்துல இருக்கற இன்க்ரீடியன்ட்ஸைத்தான் படிக்கணும்.

இனி பாலிஷ் போடறதைப் பத்தி சொல்றதெல்லாம் இமை சரியாகி, அலர்ஜி இல்லைன்னு தெரிஞ்ச பிறகு செய்ய வேண்டியது.

ஹார்டனருக்கு வர்றேன். நகம் கெரட்டின்ங்கற புரதத்தால ஆனது. ஃபார்மால்டிஹைட் அந்தப் புரத இழைகளை ஒண்ணோட ஒண்ணு இறுக்கமாப் பிணைச்சுடும். அதனால முதல்ல கெட்டியாகும். தொடர்ந்து போடப் போட பிணைப்பு கூடிக்கிட்டே போகும், வளையற தன்மை போயிடும். பச்சை ஓலை வளையும், காஞ்ச ஓலை ஒடியும், அதே கதைதான் இங்கயும். நீங்க சொன்ன "முதல்ல கெட்டி, அப்புறம் ஒடிசல்" அப்படியே இதுதான். ஹார்டனரை நிறுத்துங்க. இந்த வகை ஹார்டனர் மெல்லிசா வளையற நகத்துக்குக் கொஞ்ச நாள் போடற பொருள். ஏற்கெனவே காஞ்சு, அடுக்கடுக்கா பிரியற நகத்துக்கு அதைப் போடவே கூடாது, அப்படிப் போட்டா நிலைமை மோசமாத்தான் ஆகும்.

கெட்டுப்போன பகுதி திரும்ப நல்லதாகாது, வளர்ந்து வெளியேறணும். கை நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழு நகம் மாற ஆறு மாசம் கிட்ட ஆகும். அதுவரைக்கும் நகத்தைக் கட்டையா வெட்டி வெச்சுக்கங்க. பாத்திரம் கழுவும்போது கண்டிப்பா கிளவுஸ் போடுங்க. நகம் தண்ணியில ஊதும், காயும்போது சுருங்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவை இப்படி நடந்தா நுனி அடுக்கடுக்கா பிரிஞ்சு வரும். ராத்திரி படுக்கும்போது நகத்துக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வெச்சு, தோலும் நகமும் சேர்ற இடத்துல தேய்ங்க. அந்த ஓரத் தோலை வெட்டாதீங்க. கிருமி உள்ள போகாம தடுக்கறதே அதுதான், வெட்டினா நகச்சுத்து வந்து நிக்கும்.

இப்போ பாலிஷ் பேந்து வர்றது. பெரும்பாலும் இதுக்குக் காரணம் பாட்டில் இல்ல, போடறதுக்கு முன்னாடி செய்யறதுதான். கையை வெந்நீர்ல ஊற வெச்சுட்டு உடனே பாலிஷ் போடறது நிறைய பேர் செய்யற தப்பு. ஊதின நகத்து மேல பாலிஷ் உக்காரும், நகம் சுருங்கும்போது பிடிமானம் விட்டுடும். குளிச்சுட்டு, பாத்திரம் கழுவிட்டு, குறைஞ்சது ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் போடணும். எண்ணெய் வெச்சிருந்தா கையை சோப்புப் போட்டுக் கழுவி, அதே மாதிரி காய விடுங்க. பேஸ் கோட்டுக்கு முன்னாடி, எண்ணெய் சேர்க்காத ரிமூவர் தொட்ட பஞ்சால ஒவ்வொரு நகத்தையும் ஒரு இழுப்பு துடைங்க. துடைச்ச பிறகு நகத்தை விரலால தொடக்கூடாது.

பாட்டிலைக் குலுக்காதீங்க, காத்துக் குமிழி சேரும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க. பிரஷ்ஷை எடுக்கும்போது ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில முழுசா வழிச்சுடுங்க, மறுபக்கம் ஒரு பாசிமணி அளவு பாலிஷ் நிக்கட்டும். அதை ஓரத் தோல்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெச்சு, நடுவுல ஒரு இழுப்பு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு, அவ்வளவுதான். தோல் மேல ஏறினா அந்த இடத்துல இருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கடைசியா பிரஷ்ஷை நகத்தோட நுனி விளிம்புல படுக்க வெச்சு ஒரு தடவை தடவுங்க. உங்களுக்கு நுனியில பேந்து வர்றதுக்கு இந்த ஒரு தடவல் இல்லாததே காரணமா இருக்கலாம். பேஸ் ஒண்ணு, கலர் ரெண்டு, டாப் ஒண்ணு, எல்லாமே மெல்லிசா இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் விடணும். ஃபேனுக்கு நேரா கையை நீட்டாதீங்க, மேல் பகுதி மட்டும் சீக்கிரம் இறுகி, உள்ள இருக்கற கரைப்பான் வெளிய வர வழியில்லாம குமிழி விடும். தொட்டா ஒட்டலைன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. உள்ள வரைக்கும் இறுக பல மணி நேரம் ஆகும், அதனாலதான் தூங்கி எழுந்தா போர்வை அச்சு விழுந்திருக்கு. மழைக்காலத்துலயும் கடலோர ஊர்கள்லயும் மேல பால் படிஞ்ச மாதிரி மங்கலா வந்தா அது ஈரக் காத்தோட வேலை, பிராண்டைக் குறை சொல்ல முடியாது.

அப்போ பிராண்ட் நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரே நாள்ல நாலு பொருளையும் மாத்தினா எது சொதப்புதுன்னு தெரியவே தெரியாது. முதல்ல கலரை மட்டும் மாத்துங்க, பேஸும் டாப்பும் உங்களுக்குப் பழகினதே இருக்கட்டும். ஒரு கைக்குப் புதுசு, இன்னொரு கைக்குப் பழசுன்னு போடாதீங்க, வேலை செய்யற கையில எதைப் போட்டாலும் முதல்ல போயிடும். ஒரே கையில ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் புதுசு, நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பழசு. அடுத்த வாரம் விரல்களை மாத்திப் போடுங்க. கலர் தேறினா அதுக்கப்புறம் பேஸ், அப்புறம் டாப்.

எப்படிக் கெடுதுங்கறதையும் பாருங்க. முழுசா தகடு மாதிரி உரிஞ்சு வந்தா எண்ணெய்ப் பசையோ பேஸ் கோட்டோதான் காரணம். போட்ட கொஞ்ச நேரத்துலயே நுனியில இருந்து பின்வாங்கினா, கலர் காயறதுக்கு முன்னாடியே டாப் கோட் போட்டு, அது சுருங்கி இழுக்குதுன்னு அர்த்தம். ரெண்டு வாரமும் புதுசு போட்ட விரலே முதல்ல போனா, தயங்காம பிராண்டை மாத்துங்க.

புது பாட்டிலைத் திறந்ததுமே நூல் நூலா வந்தா, கீழ ஒட்டியிருக்கற தயாரிப்புத் தேதியைப் பாருங்க, பழைய ஸ்டாக்கா இருக்கலாம், மாத்திக் கேளுங்க. கடைக்காரர் மாத்தித் தரலைன்னா நெயில் பாலிஷ் தின்னர் ரெண்டு மூணு சொட்டு விட்டு உருட்டுங்க. ரிமூவரை மட்டும் ஊத்திடாதீங்க. நிறைய ரிமூவர்ல தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்கும், மிச்சம் இருக்கற பாலிஷும் கெட்டுடும்.