கதவைக் குறை சொல்லாதீர்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 1982-இல் அமெரிக்காவில் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பிய ‘கஸ்டர்ஸ் ரிவெஞ்ச்’ (கஸ்டரின் பழிவாங்கல்) என்ற ஆபாச வீடியோ கேம் விவகாரத்தில் முதல் குற்றவாளி யார்? அதை விற்ற மிஸ்டிக் நிறுவனமா, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியைச் செய்துவிட்டு, அதில் செருகும் கேட்ரிட்ஜை எவர் வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிட்ட அட்டாரி நிறுவனமா? மிஸ்டிக்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். ‘அட்டாரி 2600’ என்ற அந்தப் பெட்டியில் அடுத்தவர் கேம்களைத் தடுக்கும் பூட்டு இல்லை, பின்னால் வந்த நின்டெண்டோ ஒரு சிப் வைத்தே பூட்டியது, அட்டாரியும் பூட்டியிருந்தால் இந்த அசிங்கம் வீட்டுக்குள் வந்திருக்குமா என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஐயா, பூட்டில்லாத அதே கதவு வழியாகத்தான் அதே ஆண்டில் ஆக்டிவிஷன் என்ற வேறொரு நிறுவனத்தின் ‘பிட்ஃபால்’ கேம் வந்தது. முதலைத் தலைமேல் தாவித் தாவிப் பிள்ளைகள் சோற்றை மறந்தார்கள். கதவு ஒன்றுதான், வந்த ஆள் வேறு!

‘நாலு சதுரக் கட்டத்தில் என்னங்க ஆபாசம்’ என்று இன்னொருவர் சிரித்தார். அந்தப் பெட்டியின் மெமரி மொத்தமே 128 பைட். கட்டம்தான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டங்களை என்ன செய்ய வைத்தார்கள்? நிர்வாணமாக வரும் கஸ்டர், பாய்ந்து வரும் அம்புகளுக்குத் தப்பி, கட்டிப்போட்டிருக்கும் பூர்வகுடிப் பெண்ணை அடைய வேண்டும். அதன்பின் பட்டனை அழுத்த அழுத்தப் பாயின்ட் ஏறும். அவளுக்குச் சம்மதம்தான் என்று தயாரித்தவர்கள் சமாதானம் வேறு சொன்னார்கள். கட்டிப்போட்டவளிடம் எந்த ஊரில் சம்மதம் கேட்கிறார்கள்?

கஸ்டர் கற்பனை ஆள் இல்லை. 1876-இல் லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டா, செயன் என்ற பூர்வகுடி வீரர்களிடம் தோற்று மாண்ட அமெரிக்க ராணுவ அதிகாரி. நூறு வருஷம் கழித்து அந்தத் தோல்விக்கு ஒரு பெண்ணின் உடம்பில் பழி தீர்க்கச் சொல்கிறது இந்த ஆட்டம். நியூயார்க்கில் பெண்கள் அமைப்புகளோடு பூர்வகுடி மக்களும் தெருவில் இறங்கினார்களே, வெறும் நிர்வாணத்துக்கா இறங்கினார்கள்? மிஸ்டிக் வேறு நிர்வாண ஆட்டங்களும் விற்றது. ஆத்திரம் மூண்டது இதன்மேல்தான்.

தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல வழியில்லை. சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கேம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து, 49.95 டாலர் விலையும் வைத்தவர்கள் அவர்கள். அட்டாரியோ அவர்கள்மேல் கோர்ட்டுக்கே போனது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பட்டனை அழுத்தினால் பாயின்ட் என்று புரோகிராம் எழுதிய கை யாருடைய கை?