மல்பே கடையில் 550 ரூபாய்க் கோட்டு: மங்களூரிலிருந்து முருடேஷ்வர் வரை மழை

வணக்கம் நண்பர்களே. பின்னால் சோவென்று கேட்கிறதே, அது மழைதான். கர்நாடகக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் மங்களூரில் தொடங்கிய மழை, முருடேஷ்வரில் அறை எடுத்து வண்டியை நிறுத்திய பிறகும் விடவில்லை. கடலையும் இந்த ஊர்ச் சிவன் கோயில் கோபுரத்தையும் பிறகு காட்டுகிறேன். முதலில் இந்த மஞ்சள் கோட்டைப் பாருங்கள். விலை 550 ரூபாய், பேன்ட்டும் சேர்த்து!

சென்னையில் கிளம்பும்போது ஒரு பெரிய கடையில் ரைடிங் ஜாக்கெட் வாங்கியதைப் போன வீடியோவில் பார்த்தீர்கள். மழை உள்ளே வராது என்று அட்டையில் அச்சடித்து, அதற்கென்றே உள்ளே ஒரு தனி கோட்டு வைத்துத் தைத்து, 8,900 ரூபாய் வாங்கினார்கள். படுபித்ரி தாண்டுவதற்குள் உள்சட்டை நனைந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் துணி வழியாக வரவில்லை, தையல் வழியாக வந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டைதானே? அந்த ஓட்டைகளை உள்பக்கம் பட்டை ஒட்டி அடைக்க வேண்டும். தோளில் ஒட்டியிருக்கிறார்கள், இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் ஒட்டவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் தண்ணீர் தேங்குகிற இடமே அந்த மடிப்புதான்.

இன்னொன்று, உள்கோட்டு என்கிற ஏற்பாடே எனக்குப் பிடிக்காது. உள்கோட்டு ஒழுகவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வெளியே இருக்கிற கனத்த ஜாக்கெட் முழுக்கத் தண்ணீர் குடித்துவிடும். எழுபது கிலோமீட்டர் வேகக் காற்று அந்த ஈரத்தை உலர்த்தும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கடற்கரை ஊரில், ஜூலையில், பல் கிட்டுகிறது! மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலேதான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

அதனால்தான் உடுப்பியில் கராவளி சந்திப்பில் நெடுஞ்சாலையை விட்டு மல்பே மீன்பிடித் துறைமுகம் பக்கம் திரும்பினேன். மழையிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் உரச நெருக்கிக் கட்டிக் கிடக்கின்றன. வலைக்கயிறு, மிதவை, ரப்பர் செருப்பு விற்கிற ஒரு கடையில் இந்தக் கோட்டு தொங்கியது. கடைக்கார அம்மா என்னையும் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தார். என் அரைகுறைக் கன்னடத்தில் அளவு சொல்வதற்குள், “அது வேண்டாம், ஒரு அளவு பெரியது எடு. உட்கார்ந்தால் முதுகு மேலே ஏறும்” என்று வேறொன்றை எடுத்துப் போட்டார். அறுநூறு சொன்னார், ஐநூற்று ஐம்பதுக்குக் கொடுத்தார்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இந்த விளிம்பைப் பாருங்கள். நூலே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் தாள்களைச் சூட்டில் ஒட்டவைத்திருக்கிறார்கள். ஊசி படாத இடத்தில் தண்ணீர் எப்படி நுழையும்? ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, அதன்மேல் அழுத்துப் பொத்தான். அவ்வளவுதான் வேலைப்பாடு. காற்றுப் போக வழியில்லை, வியர்க்கும், உண்மைதான். வியர்வை வெதுவெதுப்பானது, நான் சமாளித்துக்கொள்வேன்.

சொல்ல மறந்துவிட்டேனே, இது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கும் வழி கிடைத்தது. குந்தாப்புராவுக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையில் பழைய ட்யூபை வளையம் வளையமாக வெட்டித் தரச் சொன்னேன். முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று. அவர் காசே வாங்கவில்லை! கையுறையின் வாய் கோட்டுக் கைக்கு உள்ளே இருக்க வேண்டும், பேன்ட் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். மாற்றிப் போட்டால் கையுறையும் பூட்ஸும் குடமாகிவிடும்.

இதெல்லாம் மாட்டிக்கொண்டு மரவந்தேயில் இறங்கினேன். அடடா! இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் சாலை. வெயில் காலத்தில் இங்கே எல்லாரும் நின்று படம் எடுப்பார்கள். இன்று கடல் பழுப்பாகக் கொதித்துக் கரைக் கற்களில் மோத, உப்புச் சாரல் சாலை வரைக்கும் வந்தது. பக்கக் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிடியை இறுக்காமல், முழங்காலால் டேங்க்கைக் கவ்விக்கொண்டு ஐம்பதில் போனேன். பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் இருந்தன. இந்தச் சாலையை மழையில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சட்டைக்குள் ஒரு சொட்டு மழை இறங்கவில்லை நண்பர்களே, ஒரு சொட்டு!

பாலங்களில் இணைப்பு இரும்புப் பட்டைகள் வரும், சாலையில் வெள்ளைக்கோடு வரும். ஈரத்தில் இரண்டும் வழுக்கும், அவற்றின்மேல் பிரேக்கைத் தொடவே கூடாது. பைந்தூரில் ஒரு டீ, பட்கலில் போக்குவரத்து நெரிசல், சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடுப்பியில் சாப்பிட்ட பன்ஸை விட்டுவிட்டேனே! வாழைப்பழம் பிசைந்த மாவில் பூரி மாதிரி பொரித்துச் சட்னியோடு தருகிறார்கள். மழைக்கு அதைவிடச் சிறந்த பலகாரம் இந்தக் கரையில் இல்லை.

முருடேஷ்வரில் இருபது நிலைக் கோபுரத்தின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. நாளைக்குத் திட்டம் கார்வார் வழியாகக் கோவா. ஆனால் நடுவில் அங்கோலா பக்கத்து சிரூர் இருக்கிறது. பைந்தூர் பக்கமும் ஒரு சிரூர் உண்டு, இது வேறு. 2024 ஜூலை 16 அன்று சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு இந்த நெடுஞ்சாலையின்மேல் சரிந்து, எதிரே இருந்த கங்காவளி ஆறுவரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனது அங்கேதான். கேரளத்து லாரி ஓட்டுநர் ஒருவரின் லாரியும் உடலும் ஆற்றிலிருந்து கிடைக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. எவ்வளவு நல்ல கோட்டு போட்டிருந்தாலும் மலை சரிந்தால் அது உதவாது. மிகக் கனமழை என்று வானிலைத் துறை சொன்னால், 24 மணி நேரத்தில் 11.5 சென்டிமீட்டருக்கு மேல் என்று பொருள். நாளைக் காலையிலும் அதே எச்சரிக்கை நீடித்தால் இந்த அறையைவிட்டு நகர மாட்டேன். கோவா எங்கேயும் போய்விடாது.

இப்போது கீழே போகிறேன். செயினில் உப்பு ஏறியிருக்கிறது, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். கோட்டு வாங்கிய கடையின் அடையாளத்தைக் கீழே எழுதுகிறேன், துறைமுக வாசலிலேயே இருக்கிறது. உடுப்பி பக்கம் போனால் வாங்கிவிடுங்கள், மறக்காமல் ஒரு அளவு பெரியதாக.