விறகுக்கு என்ன செய்தீர்கள், பாட்டி?

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பர்மாவில் இன்சின் என்ற ஊரில், கரேன் இனப் படையினருக்கும் அரசுப் படைக்கும் இடையே 1949 ஜனவரி 31 அன்று தொடங்கிய சண்டை மே மாதம் 22 வரை, 112 நாட்கள் நடந்தது. ரங்கூனிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் ஊர். எந்தப் படை எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பட்டாளத்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள். நம் தெருவில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைத்தான் யாரும் எழுதவில்லை. அதை நம் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கத்தான் இந்தப் பேச்சு.

நான் முதலில் தப்பாகக் கேட்டேன். "பயமாக இருந்ததா, பாட்டி?" என்றேன். "இருக்காதா பின்னே?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் போய், "விறகுக்கு என்ன செய்தீர்கள்?" என்றேன். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கட்டில் காலை உடைத்து எரித்தார்களாம். "தரையில் படுத்தோம். குண்டுச் சத்தத்துக்கு அதுவும் நல்லதாய்ப் போச்சு" என்றார்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களுக்கு இரண்டு சண்டைகள் ஒன்றாகக் கலந்திருக்கும். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது விழுந்த ஜப்பான் குண்டும், 1949 குண்டும் ஒரே கதையில் வரும். வருடம் கேட்டால் பதில் வராது. "அரிசிக்கு எந்த நோட்டு கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது விட்ட நோட்டு என்றால் அது முந்தின சண்டை. ரூபாய் என்றால் அதற்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். அப்போது பங்குனி உத்திரத்தைப் பிடியுங்கள். 1949 பங்குனி முழுவதும் இன்சின் சண்டைக்குள் அடங்கியது, சித்திரை வருடப் பிறப்பும், பர்மியர் தண்ணீர்த் திருவிழாவும் அப்படியே. "அந்த வருஷம் காவடி எடுத்தீர்களா?" என்றால் ஞாபகம் தானாகத் திறக்கும்.

அப்புறம் காகிதம். ஒரு கோயிலின் பழைய கணக்குப் புத்தகம் பார்த்தேன். அந்த மாதங்களில் மேளக்காரர் செலவு இல்லை. அதற்குப் பதில் "வந்தவர்களுக்குக் கஞ்சி" என்று நாள்தோறும் ஒரு வரி. யார் வந்தார்கள், எத்தனை பேர், எழுதவில்லை. கணக்குப்பிள்ளைக்கு அரிசிதான் முக்கியம்! ஆனாலும் எனக்குக் கிடைத்ததிலேயே நம்பகமான சாட்சி அவர்தான், யாரையும் புகழவேண்டிய அவசியம் அவருக்கு இல்லையே.

அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளாதீர்கள், இன்று சாயங்காலமே கேளுங்கள். பெட்டியில் பழைய கணக்கு நோட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தை நான் படித்துக்கொள்கிறேன்.