சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்ற மேத்யூ லயன்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் ஆரம்பகாலப் பிரதிநிதிகள் சபையில் எனக்கு மிகவும் பிடித்த ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பெயர் மேத்யூ லயன். அயர்லாந்தில் பிறந்தவர். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக வேலை செய்ய ஒப்புக்கொண்டு, பதினைந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தார். பிறகு வெர்மாண்ட் மாநிலத்தில் ஃபேர் ஹேவன் என்ற ஊரையே உருவாக்கி, 1797-இல் சபைக்குப் போனார்.

இவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அந்தச் சண்டையைத்தான் சொல்வார்கள். 1798 ஜனவரியில், தன் போர்க்கால வீரத்தைக் கிண்டல் செய்த சக உறுப்பினர் ராஜர் கிரிஸ்வோல்டின் முகத்தில் லயன் துப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, இருக்கையில் உட்கார்ந்திருந்த லயனைக் கிரிஸ்வோல்ட் கைத்தடியால் அடித்து நொறுக்கினார். லயன் கணப்பிடம் ஓடி, நெருப்பு இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார். சபைக்குள்ளேயே நடந்தது இது!

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, அரசைத் தாக்கி எழுதுவதைக் குற்றமாக்கும் தேசத்துரோகச் சட்டத்தில் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். ஆடம்ஸ் ஆடம்பரத்துக்கும் முகஸ்துதிக்கும் அலைகிறார் என்று லயன் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். எழுதியது ஜூனில், சட்டம் வருவதற்கு முன்பு. பத்திரிகையில் வெளிவந்தது அதற்குப் பின்பு. அதைக் காட்டியே வழக்குப் போட்டார்கள். நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்!

வெர்ஜென்ஸ் ஊரில் பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்தில் ஓர் அறை. மூலையிலேயே கழிப்பிடம். அந்த நாற்றத்தை ஆகஸ்ட் மாதத்துப் பிலடெல்பியா துறைமுகத்தோடு ஒப்பிட்டு அவரே எழுதியிருக்கிறார். குளிர்காய அடுப்பும் இல்லை. அங்கே இருந்தபடியே டிசம்பர் தேர்தலில் நின்று, பெரிய வித்தியாசத்தில் வென்றார். வெர்மாண்ட் விவசாயிகள் தங்கள் பதிலை வாக்குச்சீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அதிபர் தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் சம வாக்குப் பெற்றதால், 1801-இல் முடிவு சபைக்கு வந்தது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்குதான். முப்பத்தாறாவது சுற்றில், வெர்மாண்டின் மற்றோர் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தவர் இதே லயன்தான். பிறகு கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் சபைக்குப் போனார். 1822-இல் இறந்தார். அபராதப் பணத்தை அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பித் தர அரசுக்கு மனம் வந்தது 1840-இல்தான்.