ரெய்டு கார்டு இருக்கிற சர்வரில் ஓஎஸ் போடலாமா?

வணக்கம். இன்றைக்கு மேசையில் இருப்பது ஹார்டுவேர் ரெய்டு கார்டு பொருத்திய சர்வர். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டி, பெரும்பாலும் ஒன்று செத்தாலும் டேட்டாவைக் காக்கும் ஏற்பாடுதான் ரெய்டு; அதைப் பார்த்துக்கொள்ளும் தனிக் கார்டு இது. லினக்ஸ் பென்டிரைவ் தயாராக இருக்கிறது, ஆனால் இப்போது செருகப் போவதில்லை. இந்த மாதிரி சர்வரில் முக்கியமான முடிவெல்லாம் இன்ஸ்டாலர் வருவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

பவர் போட்டாயிற்று. விசிறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது டெல், அதனால் செட்டிங்ஸுக்குள் போக எஃப்2. எச்பிஇ என்றால் எஃப்9. பழைய பயாஸ் முறையில் கன்ட்ரோல்-ஆர் அழுத்திப் போவோமே, அந்த ரெய்டு மெனுவை, பயாஸுக்குப் பின் வந்த புதிய முறையான யுஇஎஃப்ஐயில் டிவைஸ் செட்டிங்ஸுக்குள் தேட வேண்டும்.

சரி, உள்ளே 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு. எஸ்எஸ்டிக்கு நேரே 446 ஜிபி என்றுதான் காட்டுகிறது, பயப்பட வேண்டாம், கணக்கு முறைதான் வேறு. இருக்கிற இடத்தையெல்லாம் ஒரே ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) ஆக்கி அதன் மேலேயே ஓஎஸ்ஸையும் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்து வராது. ஓஎஸ்ஸை அழித்துத் திரும்பப் போட வேண்டிய நாள் எப்படியும் வரும். அன்றைக்கு டேட்டாவும் அதே வர்ச்சுவல் டிஸ்க்கில், அதாவது கார்டு பலவற்றைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் டிஸ்க்கில், இருந்தால் கை நடுங்கும். ஆகவே எஸ்எஸ்டி இரண்டும் ரெய்டு 1, அதாவது ஒன்றின் நகல் மற்றதில்; அது ஓஎஸ்ஸுக்கு. மற்ற நான்கும் ரெய்டு 10, அதாவது இரண்டிரண்டாக நகல் வைத்து, அந்த ஜோடிகளைச் சேர்ப்பது. 16 டிபியில் 8 தான் கைக்கு வரும், வரட்டும்.

டிஸ்க் வேறு சர்வரிலிருந்து வந்திருந்தால் 'ஃபாரின்' என்று காட்டும். அதில் வேண்டிய டேட்டா இருந்தால் இம்போர்ட். கிளியர் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

அப்புறம் ரைட் பேக். எழுதுவதை முதலில் கார்டின் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று ஓஎஸ்ஸிடம் சொல்லிவிடும், அதனால் வேகம். கார்டின் பேட்டரி நன்றாக இருக்கும் வரை கவலையில்லை. பேட்டரி செத்தால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு, அதாவது டிஸ்க்கில் எழுதிய பிறகே "எழுதியாயிற்று" என்று சொல்லும் முறைக்கு மாறிவிடும், வேகமும் குறையும். அது பிடிக்காமல், பேட்டரி செத்தாலும் ரைட் பேக்கிலேயே வைக்கும் 'ஃபோர்ஸ்டு ரைட் பேக்' போடுகிறவர்கள் மின்சாரத்தை ரொம்பவே நம்புகிறார்கள்.

இனி பென்டிரைவ். டிஸ்க் தேர்வு செய்யும் பக்கத்தில் ஆறு டிஸ்க் வராது, இரண்டுதான் வரும். கார்டு எதைக் காட்டுகிறதோ அதுதான் இன்ஸ்டாலருக்குத் தெரியும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்ப வேண்டாம், வரிசை மாறலாம். அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு டிஸ்க்கும் வரவில்லையா? விண்டோஸ் என்றால் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். 'லோட் டிரைவர்' கொடுத்து, கார்டு தயாரிப்பாளரின் டிரைவரை ஏற்றினால் சரியாகிவிடும். லினக்ஸில் மெகாரெய்டு வகைக் கார்டுகளுக்கான டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் ரெட் ஹேட் லினக்ஸ் 8-இல் பழைய கார்டுகள் பலவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். கார்டில் பழுதே இருக்காது, டிஸ்க் மட்டும் தெரியாது. இப்படி விட்டுப்போன டிரைவர்களைத் தரும் எல்ரெப்போ தளத்தின் டிரைவர் டிஸ்க் அங்கேதான் கைகொடுக்கும்.

டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையில் எம்பிஆர் வேண்டாம், ஜிபிடி போடுங்கள். எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது, நம்முடையதோ 8.

இன்ஸ்டால் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். டிஸ்க் ஒன்று செத்தாலும் ரெய்டு 1 ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஓஎஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் டெல்லுக்குப் பெர்க்சிஎல்ஐ, மெகாரெய்டுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, எச்பிஇக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று அந்தந்தக் கருவியை ஏற்றி, கெட்டுப்போனால் மெயில் வரும்படி செய்துவிடுங்கள்.

மெயில் வருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுவோம். டேட்டா எதுவும் ஏறாத சர்வர்தானே? இதோ, ஒரு எஸ்எஸ்டியை உருவுகிறேன். ஆம்பர் விளக்கு வந்துவிட்டது, லினக்ஸ் அசையவே இல்லை. மெயிலும் வந்துவிட்டது. திரும்பச் செருகினால் சில கார்டுகள் தானாகவே ரீபில்டு (நகலைத் திரும்ப உருவாக்கும் வேலை) தொடங்கும், சிலவற்றில் நாம்தான் கொடுக்க வேண்டும். அது 100 சதவீதம் தொடும் வரை டேட்டாபேஸை ஏற்ற மாட்டேன்.