கிளி எங்க இருக்குன்னு ரசிகனுக்குத் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்டுட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம். நாம உயிரா நேசிக்கற ஒரு மாயாஜாலக் கதை படமாகப் போகுதுன்னு அறிவிப்பு வந்தா ரசிகன் சந்தோஷப்படணுமா, பயப்படணுமா, இதுதான் தலைப்பு. நான் பயம்தான் நியாயம்னு சொல்ற அணி.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார், "படம் சரியில்லைன்னா போகட்டுமே, புத்தகம் அலமாரில அப்படியேதானே இருக்கு, யாராவது வந்து ஒரு பக்கத்தை கிழிச்சுட்டாங்களா"ன்னு. பெரிய கைதட்டல் வாங்கின கேள்வி, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன். நான் படிக்கும்போது கூடவே ஒரு நோட்டுல வரைஞ்சுட்டே படிக்கற ஆளுங்க. டோல்கீன் எழுதின லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவல்ல அரகோர்ன்னு ஒரு வீரன் முதல்தடவை வர்ற இடம், விடுதி மூலையில தனியா உக்காந்திருப்பான், கருப்பு முடியில அங்கங்க நரை, வெளிறின முகம், கண்ணு மட்டும் கூர்மையா இருக்கும், அதை படிச்சு படிச்சு அழிச்சு அழிச்சு ஒரு முகம் வரைஞ்சேன், கன்னம் ஒட்டிப்போய் பல நாள் சரியா தூங்காத ஒருத்தன் மாதிரி. படம் பாத்தேன், நடிகர் அற்புதமா பண்ணியிருந்தார், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் அந்த முகத்தை வரையலாம்னு பென்சிலை எடுத்தா கை நடிகரோட முகத்தைத்தான் வரையுது, பழசு வரவே இல்ல. பக்கம் கிழியல, ஆனா என்கிட்ட இருந்த ஒண்ணு போயிடுச்சு. நல்ல படத்துக்கே இந்த விலைன்னா மோசமான படத்துக்கு?

அடுத்தது, "ஃபேன்ஸ் எல்லாத்தையும் பக்கத்துக்குப் பக்கம் எதிர்பாக்கறாங்க"ன்னு ஒரு குற்றச்சாட்டு. இல்லங்க. அதே படத்துல டாம் பாம்படில்னு ஒரு கேரக்டரையே முழுசா தூக்கிட்டாங்க, புத்தகத்துல அவர் வர்ற பக்கங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் மூணு மணி நேர படத்துல அவருக்கு இடமில்லைன்னு புரியுது, விட்டுட்டோம். நம்ம பாட்டி கதையில ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளி இருக்கும் இல்லையா, அரக்கனோட உயிர் அதுக்குள்ளதான் இருக்கும், ஒவ்வொரு கதைக்கும் அப்படி ஒரு கிளி இருக்கு. மலையை வெட்டுங்க, கடலை சுருக்குங்க, கிளி கழுத்துல கை வைக்காதீங்க, நாங்க கேக்கறது அவ்வளவுதான்.

கிளியைத் தொட்டா என்ன ஆகும்னு ஒரு உதாரணம், இதை கொஞ்சம் நிதானமா சொல்ல விடுங்க. மிகாயேல் எண்டேன்னு ஜெர்மன் எழுத்தாளர், 1979ல த நெவர்எண்டிங் ஸ்டோரி எழுதினார். பாஸ்டியன்னு ஒரு பையன், ஸ்கூல்ல எல்லாரும் அவனை சீண்டுவாங்க, அவன் ஒரு புத்தகத்தைப் படிக்கப் படிக்க அந்த உலகத்துக்குள்ளயே போயிடுவான். மூலப் பதிப்புல ரெண்டு கலர் மை, நிஜ உலகம் சிவப்பு, கதை உலகம் பச்சை, எந்த உலகத்துல நிக்கறோம்னு கண்ணே சொல்லிடும். புத்தகத்தோட ரெண்டாவது பாதியிலதான் உயிர் இருக்கு. அங்க அவன் என்ன ஆசைப்பட்டாலும் நடக்கும், ஆனா ஒவ்வொரு ஆசைக்கும் அவனோட சொந்த ஞாபகம் ஒண்ணு ஒண்ணா அழிஞ்சுட்டே போகும், கடைசியில தன் பேரே மறந்துபோற அளவுக்கு. 1984ல வந்த படம் கிட்டத்தட்ட முதல் பாதியோட நின்னுடுச்சு. எப்படி முடியுது தெரியுமா, பாஸ்டியன் அந்தக் கதை உலகத்துல இருக்கற ஒரு டிராகன் மேல ஏறி நம்ம உலகத்துக்கே வந்து தன்னை சீண்டின பசங்களை துரத்துறான், தியேட்டர்ல குழந்தைங்க சந்தோஷமா கைதட்டியிருப்பாங்க. புத்தகத்துல எது ஆபத்துன்னு எண்டே பக்கம் பக்கமா எழுதினாரோ, அந்த மாதிரி ஒரு ஆசை நிறைவேறுறதுதான் படத்துல சுபம். எண்டே கோர்ட்டுக்கே போனார், ஜெயிக்கல. படைச்சவருக்கே அந்த நிலைமைன்னா படிச்சவன் பயப்படாம என்ன செய்வான் நடுவர் அவர்களே?

"நேரம் பத்தல, அதான் வெட்டுறாங்க"ன்னு சொல்லாதீங்க. அதே டோல்கீனோட, சுமார் முந்நூறு பக்கம் இருக்கற த ஹாபிட் நாவலை 2012லேர்ந்து 2014க்குள்ள மூணு படமா எடுத்தாங்க, நேரம் தாராளமா இருந்துச்சு, அதுல புத்தகத்துலயே இல்லாத ஒரு காதல் வந்து உக்காந்துச்சு.

இன்னொண்ணு என் மனசுக்கு ரொம்ப நெருக்கம். உர்சுலா லெ குவின்னு அமெரிக்க எழுத்தாளர், 1968ல எர்த்ஸீங்கற மாயாஜாலக் கதை வரிசையோட முதல் நாவலை வெளியிட்டாங்க, அதுல கெட்னு ஒரு மந்திரவாதிப் பையன், செம்பழுப்பு நிறம், அந்த உலகத்துல பெரும்பாலான மக்கள் பழுப்பும் கருப்பும்தான், அவங்க யோசிச்சு வேணும்னே எழுதினது அது. வெள்ளைக்கார மந்திரவாதிகளையே படிச்சு வளந்த எனக்கு அந்த ஒரு வரியைப் படிச்சப்போ எப்படி இருந்துச்சுன்னு வார்த்தையில சொல்ல வரல, திரும்பத் திரும்ப அதையே படிச்சேன். 2004ல டிவிக்கு எடுத்தாங்க, கெட் வெள்ளைக்காரப் பையனா வந்து நின்னான். லெ குவின் வெளிப்படையாவே கண்டிச்சு எழுதினாங்க. ஒரு சீனை வெட்டுனா பொறுத்துக்கலாம், அந்தப் பையனைப் பாத்து "இவன் என்னை மாதிரி இருக்கான்"னு நினைச்ச குழந்தையை கதையை விட்டே வெளிய அனுப்புறதை எப்படிங்க பொறுத்துக்கறது?

எங்க பயத்தால என்ன பிரயோஜனம்னு கேட்டீங்க. பெர்சி ஜாக்சன் கதையில பையனுக்கு வயசு 12. அவனுக்கு 16 ஆகும்போது என்ன நடக்கும்ங்கற ஒரு தீர்க்கதரிசனம்தான் அஞ்சு புத்தகத்தையும் இழுத்துட்டுப் போகுது. 2010 படத்துல அவனை எடுத்த எடுப்புலயே பெரிய பையனாக்கிட்டாங்க, அப்போ அந்தக் காத்திருப்புக்கு அர்த்தமே இல்லாம போயிடுச்சு. எழுத்தாளர் ரிக் ரயர்டன் தயாரிப்பு நடக்கும்போதே இது தப்புன்னு எழுதிச் சொல்லியிருக்கார், கேக்கல. 2023ல சீரிஸா வந்தப்போ ரயர்டன் உள்ள இருந்தார், பையனுக்கு மறுபடி 12 வயசு. பதிமூணு வருஷம் கழிச்சாவது ஒருத்தர் காது கொடுத்தாங்க, இதே காதை ஷூட்டிங்குக்கு முன்னாடி கொடுத்திருந்தா அந்த பதிமூணு வருஷம் வேண்டியதே இல்ல.

மணி அடிச்சுட்டாங்க, எதிரணித் தலைவரோட கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துக்கறேன். "இவ்வளவு பயப்படுறீங்களே, அடுத்த படம் வந்தா போக மாட்டீங்களா"ன்னு கேட்டார். போவேங்க, முதல் நாளே போவேன். ஆனா அதுக்கு முந்தின வாரம் புத்தகத்தை முதல் பக்கத்துலேர்ந்து ஒரு தடவை முழுசா படிப்பேன், நோட்டைத் திறந்து அதுல வர்ற எல்லார் முகத்தையும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி வரைஞ்சு, தேதி போட்டு வெச்சுட்டுதான் கிளம்புவேன்.

நன்றி, வணக்கம்.