மூன்று நிமிடப் பாடலும் இரும்புத் தண்டும்

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சிக்கூடத்தில் பாட்டு ஒலிப்பது அண்மைக்காலப் பழக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் எடைப் பயிற்சி சாதாரண மக்களிடம் பரவியதிலேயே இசை மேடைக்குப் பெரிய பங்கு உண்டு.

1867-இல் பிரஷ்யாவில் பிறந்தவர் யூஜென் சாண்டோ. லண்டனின் கேளிக்கை அரங்குகளில், பாடகர்களும் நகைச்சுவைக் கலைஞர்களும் ஏறிய அதே மேடையில் பளு தூக்கிக் காட்டிப் பெயர் பெற்றார். 1893-இல் சிகாகோவில் அவரை மேடையேற்றியவர் ஃப்ளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட். அவர் பின்னாளில் நியூயார்க்கின் நாடக அரங்க வீதியான பிராட்வேயின் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளால் புகழடைந்த தயாரிப்பாளர். சாண்டோ தசைகளை முறுக்கிக் காட்டும்போது அருகே பியானோ ஒலித்தது. வாசித்தவர் மார்ட்டினஸ் சீவ்கிங் என்ற டச்சுக் கலைஞர். 1901-இல் சாண்டோ நடத்திய பெரிய உடற்கட்டுப் போட்டிக்கும் இசைக் கச்சேரிகளுக்குப் பேர்போன ராயல் ஆல்பர்ட் மண்டபமே களமாயிற்று. நடுவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில்!

அடுத்து இசைத்தட்டு வந்தது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வால்டர் கேம்ப் வகுத்த பன்னிரண்டு பயிற்சிகள் 1920-களில் இசைத்தட்டாக விற்பனையாயின. வாத்திய இசை ஒலிக்க, அதன்மேல் ஒரு குரல் கட்டளையிடும். வீட்டுக் கூடத்தில் நின்று மக்கள் கையைக் காலை அசைத்தார்கள். எடை கிடையாது, இசை மட்டுமே ஆசான். அன்றைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் அடங்கும். மக்கள் இசைப் பாடல்கள் அந்த அளவுக்கே பழகிப்போயின. இந்த மூன்று நிமிடத்தை மனத்தில் வைத்திருங்கள்.

இசை உடலை உந்துகிறதா என்பதை அந்த இசைத்தட்டுக்கும் முன்பே ஒருவர் அளந்து பார்த்தார். நியூயார்க்கின் ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயத்தைக் கவனித்த லெனர்ட் ஏர்ஸ், வாத்தியக் குழு வாசித்தபோது வீரர்கள் மணிக்குச் சராசரியாக 19.6 மைல் வேகத்திலும், அது ஓய்ந்தபோது 17.9 மைல் வேகத்திலும் ஓட்டியதாக 1911-இல் எழுதினார். மிதிப்பது தாளத்தோடு இயல்பாக இணையும் இயக்கம் அல்லவா?

எடை தூக்குவது அப்படியன்று. இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு விழும் பாடல் ஒன்று ஒலிக்கிறது. நொடிக்கு இரண்டு தட்டு. தோளில் பார்பெல்லை, அதாவது எடை மாட்டிய இரும்புத் தண்டைச் சுமந்து, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சி செய்பவர் மூன்று நொடியில் இறங்கினால் ஆறு தட்டு, ஒரு நொடியில் எழுந்தால் இரண்டு தட்டு. ஆனால் பாட்டின் வேகத்தில் மயங்கியவர் இரண்டே தட்டில் கீழே இறங்கிவிடுகிறார். அடியில் முழங்கால் உள்ளே சாய்கிறது, முதுகு வளைகிறது. எடை தண்டில் இருக்கிறது, கவனமோ பல்லவியில்.

1990-களில் நியூசிலாந்தின் ஃபிலிப் மில்ஸ் உருவாக்கிய பாடிபம்ப் வகுப்பு இதற்கு ஒரு வழி கண்டது. தண்டில் குறைந்த எடை, அதை நிறைய தடவை தூக்குவது, ஒரு பாடலுக்கு ஒரு தசைத் தொகுதி. இறங்கவும் ஏறவும் எத்தனை தட்டு என்பதை வகுப்பு நடத்துபவரே சொல்லிவிடுவார். எடை குறைவாக இருப்பதால்தான் தாளம் அங்கே தலைமை தாங்க முடிகிறது. கூட்டமாகச் செய்யும் உற்சாகமும் சேர்கிறது. நல்ல முறைதான்.

கனமான எடைக்கு வேறு வழி வேண்டும். 1979-இல் சோனி வாக்மேன் வந்தபின் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாடலைக் காதிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. என்னிடம் பயிற்சி பெறுபவர்களிடம் அதைச் செட்டுகளுக்கு, அதாவது இடைவிடாமல் தூக்கும் சுற்றுகளுக்கு, நடுவே கேட்கச் சொல்கிறேன். வலிமைக்காகத் தூக்கும்போது இரண்டு செட்டுகளுக்கு இடையே இரண்டு முதல் ஐந்து நிமிட ஓய்வு தேவை. பொறுமையற்றவர்கள் ஒரு நிமிடத்திலேயே மறுபடி தண்டைப் பிடிக்கிறார்கள்; அடுத்த செட்டில் வலு குன்றுகிறது. பழைய இசைத்தட்டு விட்டுச் சென்ற அந்த மூன்று நிமிடப் பாடல் இதற்குக் கச்சிதமான அளவு. பாடல் முடியும்வரை உட்காருங்கள், மூச்சு சீராகட்டும். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுங்கள். பின்னால் துணைக்கு நிற்பவர் "போதும், வைத்துவிடுங்கள்" என்று சொன்னால் அது உங்கள் காதில் விழ வேண்டும்.